நாலுகால் விலங்கை நடக்க வைப்பது: அனிமேஷன் செய்பவர்களும் ரோபாட் கட்டுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாய், குதிரை, யானையைத் திரையில் நடக்க வைப்பவர்களுக்கும் நாலுகால் ரோபாட்டைத் தரையில் நடக்க வைப்பவர்களுக்கும் வரும் சந்தேகங்களில் பாதி ஒன்றேதான். எலும்பு எங்கே மடங்குகிறது, எந்தப் பாதம் எப்போது தரையைத் தொடுகிறது: இந்த இரண்டும் தெளிவானால் மீதி வேலை எளிது. தோல், ரோமம், மோட்டார், பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகு.

நாய்க்கும் குதிரைக்கும் பின்னங்கால் முட்டி பின்பக்கமாக மடங்குவது ஏன்?

அது முட்டியே இல்லை, கணுக்கால். உண்மையான முட்டி அடிவயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது, நம் முட்டியைப் போலவே முன்பக்கம் நோக்கித்தான் மடங்கும். கரடியும் நாமும் உள்ளங்கால் முழுவதும் ஊன்றி நடக்கிறோம். நாயும் பூனையும் விரல்களில் நடக்கின்றன, குதிகால் அந்தரத்தில் நிற்கிறது. குதிரை ஒரே ஒரு விரலின் நுனியில், அதாவது குளம்பில் நிற்கிறது. அதன் முன்னங்காலில் நாம் முட்டி என்று காட்டும் இடம் மணிக்கட்டு. முழங்கை மார்புக்கூட்டின் அடியோரத்தில் இருப்பதால் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

ரிக் (உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புச் சட்டகம்) போடும்போது பின்னங்காலுக்கு இடுப்பு, முட்டி, கணுக்கால், விரலடி என நான்கு மூட்டுகள் வேண்டும். மனித ரிக்கை எடுத்து நீட்டிக் குறுக்கி நாயாக்கினால் தொடை நீண்டுபோகும், பாதம் குட்டையாகிவிடும். அந்த விகிதத்தை வைத்துக்கொண்டு என்ன அசைவு கொடுத்தாலும், நாய்வேஷம் போட்ட ஆள் நடப்பதாகவே தெரியும்.

மூன்று எலும்புக் காலுக்கு ஐ.கே. போட்டால் முட்டி துள்ளுகிறதே?

ஐ.கே. என்பது, பாதத்தை வைத்த இடத்துக்கு ஏற்ப மற்ற மூட்டுகளின் கோணங்களை மென்பொருளே கண்டுபிடிப்பது. பாதம் ஒரே இடத்தில் இருக்கும்போதும் மூன்று எலும்புகள் பல விதமாக மடங்க முடியும். ஒரு ஃபிரேமில் ஒரு விடையையும் அடுத்த ஃபிரேமில் வேறு விடையையும் மென்பொருள் தேர்ந்தெடுப்பதால் முட்டி துள்ளுகிறது. இதைத் தீர்க்கும் வழி விலங்கின் உடம்பிலேயே இருக்கிறது. நடக்கும்போது தொடை எலும்பும் கணுக்காலுக்குக் கீழுள்ள பாத எலும்பும் ஏறக்குறைய இணையாகவே நகர்கின்றன. முன்னங்காலில் தோள்பட்டை எலும்பும் முன்கையும் அப்படித்தான். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு எலும்பு ஐ.கே. போட்டு, பாத எலும்புக்குத் தொடையின் சுழற்சியைக் காப்பி ரொட்டேஷன் மூலம் கொடுங்கள். அதன்மேல் கையால் திருத்த ஒரு தனி கன்ட்ரோலரையும் வையுங்கள். மாயா மென்பொருளில் ஸ்பிரிங் ஐ.கே. சால்வர் இதே வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

குதிரையில் இந்த இணைப்பு இன்னும் கண்டிப்பானது. பின்னங்காலில் முட்டிக்கு மேலே தொடங்கி கணுக்காலைத் தாண்டி ஓடும் இரண்டு நார்ப்பட்டைகள், ஒன்று முன்பக்கமும் மற்றொன்று பின்பக்கமும், இரண்டு மூட்டுகளையும் பூட்டி வைத்திருக்கின்றன. முட்டி மடங்கினால் கணுக்காலும் மடங்கியே ஆகவேண்டும். முன்பக்கப் பட்டை அறுந்த குதிரைக்கு மட்டும் முட்டியை மடக்கியபடியே கணுக்காலை நீட்ட முடியும். கால்நடை மருத்துவர்கள் அந்தக் காயத்தைக் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். உங்கள் குதிரை முட்டியை மட்டும் மடக்கிக் கணுக்காலை விறைப்பாக நீட்டி நடந்தால், குதிரை தெரிந்தவர் கண்ணுக்கு அது அடிபட்ட குதிரை.

காலெல்லாம் சரியாக அசைகிறது. ஆனாலும் மேசைக்குக் கால் முளைத்தது போல இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் தோள்பட்டை எலும்பை அசைக்காமல் விட்டிருப்பீர்கள். நாய்க்கும் குதிரைக்கும் முன்னங்காலை உடம்போடு இணைக்கும் எலும்பு மூட்டு கிடையாது. காறை எலும்பு இல்லை, பூனைக்கு மட்டும் பேருக்கு ஒரு துண்டு தசைக்குள் கிடக்கும். மார்புக்கூடு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தசையால் தொட்டில் கட்டித் தொங்குகிறது. அதனால் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. யேனா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிஷரின் குழு எக்ஸ்ரே வீடியோ எடுத்து நாய்களின் நடையை ஆராய்ந்தது. முன்னங்கால் எடுத்துவைக்கும் எட்டின் நீளத்தில் பெரும்பங்கு இந்தச் சுழற்சியிலிருந்து வருவதை அந்தப் படங்கள் காட்டின. அவற்றில் காலின் தொடக்கம் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு, தோள்மூட்டு அல்ல.

ஆகவே ரிக்கில் சுழல்மையத்தை அந்த மேல்விளிம்புக்கு அருகே வையுங்கள். கால் எடை தாங்கும்போது உடம்பு சற்று இறங்கி, தோள்பட்டை மேலேறித் தெரியவேண்டும். பதுங்கி வரும் புலியில் இரண்டு தோள்களும் மாறிமாறி முதுகுக்கோட்டுக்கு மேல் எழும்புவது இதனால்தான். தோலை எலும்போடு அப்படியே ஒட்டி வெயிட் பெயின்ட் (எந்த எலும்பு தோலை எவ்வளவு இழுக்கும் என்று பூசிக் குறிப்பது) செய்தால் இந்த அசைவு ரப்பர் இழுத்த மாதிரி வரும். அந்த இடத்தில் தோல் எலும்பின்மேல் வழுக்குவதற்குத் தனியாகத் திருத்த வடிவம் கொடுக்கவேண்டும்.

எந்தக் கால் முதலில் போகவேண்டும்?

சாதாரண நடையில் வரிசை இது: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். ஒவ்வொன்றும் சுற்றின் நாலில் ஒரு பங்கு இடைவெளியில். விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், ஒரு முழுச் சுற்று 24 ஃபிரேமில் முடியும் சுழற்சியில் பாதங்கள் தரையைத் தொடுவது 1, 7, 13, 19 ஆகிய ஃபிரேம்களில். ஒவ்வொரு பாதமும் சுமார் 15 ஃபிரேம் தரையில், 9 ஃபிரேம் காற்றில். பின்பாதம் வந்து ஊன்றும் இடம் முன்பாதம் விட்டுப்போன இடத்துக்கு அருகில் இருப்பதால், முன்பாதம் அதற்குச் சற்று முன்பே கிளம்பிவிட வேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் எப்போதும் செய்யும் பிழை, குறுக்குக் கால்களை ஒன்றாகத் தூக்குவது. அது நடை இல்லை, மெதுவாக ஓடும் ட்ராட். இந்தப் பிழைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 2009இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களின் நடைச் சித்திரிப்புகளில் 41 சதவீதமும், விலங்கு உடற்கூறு நூல்களில் 64 சதவீதமும் தவறாக இருந்தன. 2012இல் அவர்கள் குகை ஓவியங்களையும் எண்ணினார்கள். ஆதிகால ஓவியர்களின் பிழை 46 சதவீதம். குதிரையின் ஓட்டத்தை வரிசைப் புகைப்படங்களாக எடுத்த மைப்ரிட்ஜுக்கு முந்தைய நவீன ஓவியர்களின் பிழை 84 சதவீதம். வேட்டையாடிச் சாப்பிட்டவன் விலங்கை உற்றுப் பார்த்திருக்கிறான்.

ட்ராட்டில் குறுக்குச் சோடிகள் மாறிமாறி விழும். 16 ஃபிரேம் சுழற்சியில் 1, 9. நடுவில் நான்கு காலும் காற்றில் இருக்கும் சில ஃபிரேம்கள். ஒட்டகம் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்துப் போடும், அதனால் மேலே இருப்பவர் பக்கவாட்டில் ஆடுவார்.

நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் கால்கள் எப்போது காற்றில் இருக்கும்?

பழைய ஓவியங்களில் முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் நீட்டி குதிரை பறக்கும். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பந்தயக் குதிரைகளை எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசைக் கேமராக்களில் பிடித்தபோது உண்மை தெரிந்தது. நான்கு குளம்பும் தரையை விட்டிருப்பது கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடியிருக்கும் நேரத்தில்தான். வேகமான பாய்ச்சல் ஒன்றுக்குச் சுமார் 11 ஃபிரேம் போதும்.

சீட்டா எனப்படும் சிறுத்தைக்கும் வேட்டைநாய்க்கும் கணக்கு வேறு. கால்கள் கூடியிருக்கும்போது ஒருமுறை, முழுதாக நீண்டிருக்கும்போது ஒருமுறை என ஒரே சுற்றில் இரண்டு முறை காற்றில் இருக்கும். பாதம் விழும் வரிசையும் வட்டமாகச் சுற்றி வரும், குதிரையில் அது குறுக்கே தாண்டும். முதுகெலும்பை வில்லாக வளைத்து நிமிர்த்துவது சிறுத்தைக்குப் பொருந்தும். குதிரையின் முதுகு அதோடு ஒப்பிட்டால் விறைப்பானது. சிறுத்தையின் முதுகைக் குதிரைக்குக் கொடுத்தால் சேணம் கட்டவே முடியாத மிருகம் ஒன்று கிடைக்கும்.

பாதம் தரையில் வழுக்குகிறது. எப்படி நிறுத்துவது?

வகுத்தல் கணக்குதான். குதிரை ஒரு முழுச் சுற்றில் 1.68 மீட்டர் போகிறது, சுழற்சி 24 ஃபிரேம் என்றால், ஃபிரேமுக்கு 7 செ.மீ. இருந்த இடத்தில் நடக்கும் சுழற்சியில், தரையிலுள்ள பாதம் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக 7 செ.மீ. பின்னே போகவேண்டும். அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்தப் பகுதி நேர்க்கோடாக இருக்கவேண்டும். மென்பொருள் தானாகப் போடும் வளைவு தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்கிவிடும், வழுக்கல் அங்கேதான் பிறக்கிறது. கேம் என்றால் எஞ்சினில் பாத்திரத்தின் வேகம் விநாடிக்கு 1.68 மீட்டர் என்று போட்டிருக்கவேண்டும். டிசைனர் அதை 2.5 ஆக்கினால் சுழற்சியை வேகமாக ஓட்டிச் சமாளிக்காதீர்கள். விலங்கு வேகத்தைக் கூட்டும்போது எட்டு நீளத்தையும் கூட்டுகிறது, அதற்கு இன்னொரு சுழற்சி செய்வதே வழி.

ரோபாட்டிலும் இதே தவறு நடக்கும், அங்கே அது விழுந்து காட்டும். காற்றில் முன்னே வரும் பாதம் அதே வேகத்தில் தரையைத் தொட்டால் சறுக்கும் அல்லது இடறும். தொடுவதற்குச் சற்று முன் பாதத்தைப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கி, தரையின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யவேண்டும். ஓடும் விலங்குகள் செய்வதும் அதுதான்.

நடையிலிருந்து ஓட்டத்துக்கு எந்த வேகத்தில் மாற்றுவது?

ஃப்ரூட் எண் என்று ஒன்று உண்டு. வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கம் 9.81ஐயும் இடுப்பு உயரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்கவேண்டும். இது 0.5ஐ நெருங்கும்போது பெரும்பாலான நாலுகால் விலங்குகள் நடையை விட்டு ட்ராட்டுக்கு மாறுகின்றன. 2 முதல் 3க்குள் பாய்ச்சலுக்கு. பல விலங்குகளுக்கும் இது பொருந்துவதைக் காட்டியவர் விலங்கசைவு ஆய்வாளர் மெக்நீல் அலெக்சாண்டர்.

இடுப்பு உயரம் 50 செ.மீ. உள்ள நாய்க்கு விநாடிக்குச் சுமார் 1.57 மீட்டர், அதாவது மணிக்கு 5.6 கி.மீ. 25 செ.மீ. பூனைக்கு மணிக்கு 4 கி.மீ. 20 செ.மீ. கால் உள்ள உங்கள் ரோபாட்டுக்கு விநாடிக்கு ஒரு மீட்டர். கற்பனை மிருகங்களுக்குத்தான் இந்தச் சூத்திரம் உண்மையில் கைகொடுக்கும், ரெஃபரன்ஸ் வீடியோ எடுக்க டிராகன் அகப்படாதே. இடுப்பு உயரம் 4 மீட்டர் என்றால் விநாடிக்கு 4.4 மீட்டர் வரை அது நடந்தே போகலாம்.

யானை ஓடுமா?

2003இல் ஜான் ஹட்சின்சனும் கூட்டாளிகளும் தாய்லாந்தில் யானைகளின் மூட்டுகளில் புள்ளி வைத்துப் படமெடுத்தார்கள். மணிக்கு 25 கி.மீ. வரை வேகம் வந்தது, ஃப்ரூட் எண் 3ஐத் தாண்டியது. அப்போதும் பாதம் விழும் வரிசை நடையின் வரிசையாகவே இருந்தது, நான்கு பாதமும் ஒருசேரத் தரையை விடவே இல்லை. ஆனால் வேகத்தில் பின்னங்கால்கள் அமுங்கி எழும் விதம் ஓட்டத்தை ஒத்திருந்தது.

ஆகவே மதம்பிடித்த யானையைத் துரத்த விடும்போது ட்ராட்டோ பாய்ச்சலோ கொடுக்கவேண்டாம். நான்கு பாதமும் தனித்தனியே விழும் அதே நடை வரிசையை வேகப்படுத்துங்கள், எட்டை நீட்டுங்கள், உடம்பைத் துள்ள விடாதீர்கள். எடை தெரிய வேண்டிய இடம் பாதம். குதிகாலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை இருப்பதால் ஊன்றும்போது பாதம் அகலும், தூக்கும்போது சுருங்கும். கோயில் யானையைப் படமெடுத்து ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்பவர்கள் கவனிக்கவேண்டியது: கல்தளத்தில் நெடுநேரம் சங்கிலியில் நிற்கும் யானைகளுக்குப் பாதநோயும் மூட்டு விறைப்பும் அதிகம். காட்டு யானையின் நடையோடு ஒப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தலையை எவ்வளவு ஆட்டுவது?

குதிரை நடக்கையில் சுற்றுக்கு இரண்டு முறை தலை இறங்கி ஏறும். ட்ராட்டில் தலை கிட்டத்தட்ட அசையாது. பாய்ச்சலில் சுற்றுக்கு ஒருமுறை. நின்றிருக்கும் நாயும் குதிரையும் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்களில்தான் தாங்குகின்றன, தலையாட்டல் அந்தச் சுமையோடு பிணைந்தது. ட்ராட்டில் ஒரு முன்கால் ஊன்றும்போது மட்டும் தலை மேலே போனால், அந்தக் காலில் வலி என்று பொருள். அழகுக்காகச் சேர்த்த ஆட்டம் குதிரையை நொண்டியாக்கிவிடும்.

புறாவின் தலை வேறு விஷயம். உடம்பு முன்னேறும்போது தலை இருந்த இடத்திலேயே நிற்கும், பிறகு சட்டென முன்னே பாயும். ட்ரெட்மில்லில் சுற்றுப்புறம் நகராதபோது இந்த ஆட்டம் நின்றுவிடுகிறது என்று 1978இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே அது பார்வையை நிலைநிறுத்தும் வேலை.

நாலுகால் ரோபாட்டுகளில் தோள்பட்டையும் வளையும் முதுகும் ஏன் இல்லை?

ஒரு காலுக்கு மூன்று மோட்டார், மொத்தம் 12. பாதத்தை எந்தப் புள்ளிக்கும் கொண்டுபோக அது போதும். ஸ்பாட், ஆனிமல், மினி சீட்டா ஆகிய நாலுகால் ரோபாட்டுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. விலங்கிடமிருந்து எடுத்துக்கொண்டது தோற்றத்தை அல்ல, எடை எங்கே இருக்கிறது என்பதை. குதிரையின் காலில் மணிக்கட்டுக்குக் கீழே ஏறக்குறைய தசையே இல்லை, தசைநாண்கள் மட்டுமே. தசையெல்லாம் மேலே. எம்.ஐ.டி.யின் 9 கிலோ மினி சீட்டாவில் முட்டியை மடக்கும் மோட்டாரும் இடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் வழியாக முட்டியை இயக்குகிறது. கால் இலேசானால்தான் அதை வேகமாக வீசமுடியும்.

கியர் இன்னொரு பாடம். மினி சீட்டாவில் கியர் மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது 6 மடங்குதான். தரை பாதத்தைத் தள்ளினால் மோட்டார் வளைந்து கொடுக்கும், மின்னோட்டத்தைப் பார்த்தே விசையை அறியலாம். ஹாபி சர்வோவில் (கியரோடு சேர்ந்து வரும் சிறு மோட்டார்) கியர் சில நூறு மடங்கு. அது வளைந்து கொடுக்காது, அதிர்ச்சி முழுவதும் கியரின் பல்லில் இறங்கும்.

கல்லூரி புராஜெக்டில் சர்வோ எரிந்துகொண்டே இருக்கிறது. என்ன தவறு?

முறுக்குவிசையைக் கணக்கிடாமல் வாங்கியிருப்பீர்கள். ரோபாட் 2 கிலோ, ட்ராட்டில் இரண்டு கால்தான் தாங்கும், ஆகவே ஒரு காலுக்கு ஒரு கிலோ. கால்துண்டுகள் 8.5 செ.மீ., 45 டிகிரி மடங்கி நிற்கிறது என்றால், முட்டியிலிருந்து பாதம் கிடைமட்டமாக 6 செ.மீ. தள்ளியிருக்கும். சும்மா நிற்கவே 6 கிலோ-செ.மீ. வேண்டும். கால் ஊன்றும் அதிர்ச்சிக்கு இரண்டு மடங்கு, 12. எம்.ஜி. 996ஆர் சர்வோ 4.8 வோல்ட்டில் தரும் அதிகபட்சம் 9.4, அதுவும் சுற்றாமல் திணறி நிற்கும்போது. எரியாமல் என்ன செய்யும்? கால்துண்டைக் குறையுங்கள், காலைக் கூடுதலாக நிமிர்த்தி நிறுத்துங்கள், எடையைக் குறையுங்கள். அதிகபட்சத்தில் பாதிக்குமேல் எப்போதும் கேட்காதீர்கள்.

நடக்கத் தொடங்கியதும் ஈ.எஸ்.பி. 32 என்ற கன்ட்ரோலர் போர்டு ரீசெட் ஆவது மின்சாரக் கோளாறு. 12 சர்வோவும் ஒரே நேரத்தில் திணறினால் ஆளுக்கு 2.5 ஆம்பியர், மொத்தம் 30. கன்ட்ரோலருக்குத் தனி ரெகுலேட்டர், சர்வோ லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கிரவுண்டை மட்டும் பொதுவாக இணைக்கவும். சர்வோக்களுக்குச் சைகை அனுப்பும் பி.சி.ஏ. 9685 போர்டு வழியாக முழு மின்னோட்டத்தையும் ஓடவிட்டால் அதன் செப்புத்தடம் சூடாகும். பவர் வயரைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

முதல் நடையாக ட்ராட்டை முயலவேண்டாம். ஒரு காலைத் தூக்கும்முன் உடம்பை நகர்த்தி, எடைமையத்தை மற்ற மூன்று பாதங்களின் முக்கோணத்துக்குள் கொண்டுவாருங்கள், பிறகு தூக்குங்கள். கால் வரிசை மேலே சொன்ன அதே வரிசை. மெதுவான நாலுகால் நடைகளில் மிக நிலையானது அதுவே என்று ஆய்வாளர்கள் மெக்கீயும் ஃபிராங்கும் 1968இல் கணக்குப்போட்டே காட்டிவிட்டார்கள்.

வால் வெறும் அலங்காரமா?

இல்லை. பல்லியினமான அகாமா, வழுக்கும் தளத்திலிருந்து குதித்து உடம்பு கவிழப் பார்க்கும்போது வாலை மேலே வீசி உடம்பை நிமிர்த்துகிறது. 2012இல் பெர்க்லி குழு இதை அளந்து, வாலுள்ள சிறு ரோபாட்டிலும் செய்துகாட்டியது. சிறுத்தையின் வால் எடை குறைவு, ஆனால் ரோமத்தால் பருத்திருப்பதால் காற்றைத் தள்ளியும் உதவுகிறது. கங்காரு மெதுவாக நகரும்போது வாலை ஐந்தாவது காலாக ஊன்றி உந்துகிறது. அங்கே வாலைப் பின்னால் அலையவிட்டால் நடையே பிழை.

நாயின் மோஷன் கேப்சரை (உண்மை அசைவின் பதிவை) அப்படியே ரோபாட்டுக்கு ஏற்றலாமா?

அப்படியே ஏற்றினால் விழும். கால் நீளம், எடைமையம், மோட்டார் வலிமை எல்லாம் வேறு. 2020இல் கூகுள் ஆய்வாளர்கள் நாயின் அசைவுகளை லைக்காகோ என்ற ரோபாட்டுக்குக் கற்பித்தபோது செய்த படிகள் இவை: பாதம், இடுப்பு போன்ற புள்ளிகளைப் பொருத்தி ஐ.கே. மூலம் அசைவை ரோபாட்டின் அளவுக்கு மாற்றினார்கள். பிறகு அந்த அசைவைப் பின்பற்றினால் மதிப்பெண் என்று சிமுலேஷனில் பயிற்சி. பயிற்சியின்போது எடை, உராய்வு, மோட்டார் தாமதம் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் சிமுலேஷனில் ஓடுவது தரையில் ஓடாது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில், இரண்டு கோணத்து எக்ஸ்ரே வீடியோவின் மேல் எலும்பு மாதிரிகளை மாயாவில் பொருத்தி விலங்குகளின் அசைவை அளக்கிறார்கள். அனிமேஷன் மென்பொருளே அங்கே ஆய்வுக் கருவி. ஓரோபேட்டீஸ் என்ற, ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழமையான விலங்கின் புதைபடிவத்தையும் காலடித் தடங்களையும் வைத்து முதலில் டிஜிட்டல் எலும்புக்கூட்டை நடக்கவிட்டு, பிறகு ரோபாட்டாகவும் கட்டினார்கள். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு: நினைத்ததைவிட நிமிர்ந்த நடை.

ரெஃபரன்ஸ் வீடியோ எடுப்பது எப்படி?

பத்து மீட்டருக்குமேல் தள்ளி நின்று, ஜூம் செய்து, சரியாகப் பக்கவாட்டில். அருகில் வைட் லென்ஸில் எடுத்தால் முன்கால் பெரிதாகவும் பின்கால் சிறிதாகவும் வந்து எட்டு நீளத்தை அளக்கமுடியாது. கேமராவைத் திருப்பாமல் டிரைபாடில் நிறுத்தி, தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். விநாடிக்கு 120 ஃபிரேம், ஷட்டர் 1/500 அல்லது அதற்குமேல். பாதம் மறையும் புல்தரையைத் தவிருங்கள். கைப்பேசி வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. அதை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றாமல் மாயாவிலோ பிளெண்டரிலோ ஏற்றினால் போகப்போக, பாதம் தரையைத் தொடும் ஃபிரேம் எண்கள் தப்பத் தொடங்கும். மாற்றியபின் நான்கு பாதங்களுக்கும் நான்கு வரி போட்டு, எந்த ஃபிரேமில் தொட்டது, எதில் விட்டது என்று குறியுங்கள். குறைந்தது மூன்று சுற்று குறித்துச் சராசரி எடுத்தபிறகே முதல் கீ ஃபிரேமைப் போடுங்கள்.